பதினோரு இடம், இரண்டு இரவு

மேலே சிவப்பு எழுத்தில் ‘தேனிலவு ஸ்பெஷல்’, அதன் கீழே ‘மூன்று பகல், இரண்டு இரவு, பதினோரு இடங்கள்’ என்று அச்சடித்த ஒரு பேக்கேஜ் காகிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவள் என் அக்கா மகள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை சுங்கை சிப்புட் பையன். இருவருக்கும் வேலை கோலா கங்சாரில். லங்காவிக்குப் போனால் விமானத்துக்கே பாதிப் பணம் போய்விடும், பங்கோர் தீவு இருக்கவே இருக்கிறது என்று முடிவெடுத்து ஒரு பயண முகவரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். பாதிப் பணம் கட்டினால்தான் தேதி உறுதி என்று அவர் நெருக்க, “மாமா, கட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

காகிதத்தைப் பார்த்து என்ன சொல்வது? இடத்தைப் பார்த்தால் சொல்லலாம். ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்குக் காரில் முக்கால் மணி நேரம்தான். வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு, காகிதத்தில் போட்டிருந்த அதே வரிசையில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் கோலா கங்சாரிலேயே தொடங்குகிறது. ‘அரச நகர உலா, வெள்ளிக்கிழமை காலை 10 முதல் 1 வரை, 5 இடங்கள்.’ முதல் இடம் விக்டோரியா பாலம். ஊருக்கு வெளியே, காராய் பக்கம், பேராக் ஆற்றின் மேல் நிற்கும் பழைய ரயில் பாலம். 1900-இல் திறந்தது. செங்கல் தூண்கள், மேலே இரும்புச் சட்டம், ஒற்றைத் தண்டவாளம். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு ரயில் இதில் ஓடுவதில்லை. மக்கள் நடக்கிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். நாங்கள் போன காலையிலும் ஒரு மலாய் ஜோடி இளமஞ்சள் உடையில் தண்டவாளத்தின் நடுவே நிற்க, படக்காரர் படுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார். அழகான இடம்தான். ஆனால் சுங்கை சிப்புட்டில் பிறந்த மாப்பிள்ளைக்கு இதைக் காட்ட ஒருவர் வேன் வாடகை வாங்குவது கொஞ்சம் வேடிக்கை.

அடுத்தது, ‘நாட்டின் முதல் ரப்பர் மரம், படம் எடுக்க 10 நிமிடம்.’ மாவட்ட அலுவலகத்தை ஒட்டி, வேலி போட்டு, பலகை வைத்து நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அதிலிருந்து ஒன்பது கோலா கங்சாருக்கு வந்து, பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சியது இது என்கிறது பலகை.

என் தாத்தா மரம் வெட்டியவர். அதாவது பால்மரம் சீவியவர். எங்கள் பக்கம் ‘மரம் வெட்டு’ என்றுதான் சொல்வோம். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியோடு நிரைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பேராவில் பாதித் தமிழர்கள். வழிகாட்டிக்கு இது பத்து நிமிட மரம். வெளிநாட்டுப் பயணிக்கு அதுகூடக் கூடுதலாக இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதாது. அதிலும், இந்த ஜோடி இங்கிருந்து எங்கே போகப்போகிறது என்று யோசித்தால் இன்னும் போதாது. 1874 ஜனவரி 20-ஆம் தேதி பங்கோருக்கு அருகே, ப்ளூட்டோ என்ற கப்பலில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் பேராவுக்குள் பிரிட்டிஷ் ரெசிடென்டைக் கொண்டுவந்தது. முதல் ரெசிடென்ட் பர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877-இல் பொறுப்புக்கு வந்த ஹியூ லோ, வந்த வருடமே மரத்தை நட்டார். கப்பலில் போட்ட கையெழுத்துக்கும் இந்தக் கன்றுக்கும் இடையில் மூன்றே ஆண்டு. அதற்குப் பின்னால்தான் தோட்டம், லயம், கங்காணி எல்லாம். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு வரலாற்றுப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் மரத்தை என்றைக்காவது ஒரு சாயங்காலம் ஐஸ்கிரீமோடு வந்து பார்த்துவிட்டுப் போகலாமே, பேக்கேஜில் எதற்கு?

ஆற்றுக்கு அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவத்தில் கறுப்பாக இருக்கும் ‘லாபு சாயோங்’ தண்ணீர்க் கூஜா இங்கேதான் செய்கிறார்கள். சுட்டு எடுத்ததும் சூட்டோடு உமியில் புதைப்பதால் வரும் கறுப்பு அது, சாயம் இல்லை. பட்டறையில் ஓர் அம்மா களிமண்ணைக் கையால் அழுத்தி மெருகேற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மனைவி ஒன்று வாங்கினாள். தேனிலவுக்குப் போகிற வழியில் யாராவது மண்பானை வாங்குவார்களா என்று கேட்டேன். திரும்பும்போது வாங்கினால் உடையாது, போகும்போது வாங்கினால் மூன்று நாள் வண்டியில் உருளும் என்றாள். பேக்கேஜ் எழுதியவருக்கு இது தோன்றவில்லை.

கெனாங்கான் அரண்மனை 1926-இல் கட்டியது. ஓர் ஆணிகூட இல்லாத மரவேலை; சுவர் முழுக்க மூங்கில் பின்னல், மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்சதுரங்கள். வெளியே நின்று அந்தப் பின்னலைப் பார்ப்பதிலேயே மனம் நிறைந்துவிடும்.

கடைசியாக, 12.30-க்கு உபுதியா பள்ளிவாசல். அந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை மணி! ஊரே தொழுகைக்குத் திரண்டு வரும் நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவரை யார் உள்ளே விடுவார்கள்? இந்த ஒரு வரியே சொல்லிவிட்டது, காகிதத்தை எழுதியவர் அந்தக் கிழமையில் அந்த இடத்துக்கு வந்ததில்லை என்று. பள்ளிவாசல் என்னவோ காலையில் போய்ப் பார்க்க வேண்டிய இடம். கிழக்கு வெயில் பொன்நிறக் குவிமாடத்தில் விழும்போது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஈப்போ ரயில் நிலையத்தையும் வரைந்த ஹப்பாக்தான் இதையும் வரைந்தார். 1913-இல் வேலை தொடங்கியது. இத்தாலியிலிருந்து வந்த பளிங்கின் மேல் இரண்டு அரச யானைகள் சண்டை போட்டு நொறுக்கிவிட்டன. முதல் உலகப் போர் வேறு. கட்டச் சொன்ன சுல்தான் இத்ரிஸ் முடிவைப் பார்க்காமலே 1916-இல் காலமானார். திறந்தது 1917-இல்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிற ஜோடிக்கு இந்த ஐந்து இடமும் காசுக்குத் தகும், கிழமையையும் நேரத்தையும் மட்டும் சரிசெய்துகொண்டால். கோலா கங்சாரிலேயே இருக்கிற ஜோடிக்கு? சொந்த ஊரைக் காசு கொடுத்துப் பார்ப்பதற்குப் பதில் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கிண்ணம் லக்சா சாப்பிட்டுவிட்டு நேராக லூமுட்டுக்கு வண்டியை விடலாம்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். மானோங், புருவாஸ், ஆயர் தாவார், சித்தியவான் வழி. ஒரு காலத்தில் இருபுறமும் பால்மரம் நின்ற சாலை; இப்போது பெரும்பாலும் செம்பனை. புருவாஸ்தான் ராஜேந்திர சோழன் படையெடுத்த கங்கா நகரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துக்கொண்டபாடில்லை, என் மனைவியும் அப்படித்தான். வண்டியை நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

லூமுட் ஜெட்டியில் காகிதத்தின் இன்னொரு வரியைச் சோதித்தோம். ‘ஃபெரி டிக்கெட் உட்பட, இருக்கை உறுதி.’ டிக்கெட் கவுண்டரில் வரிசையில் நின்று, போக வரச் சேர்த்து வாங்கி, அடுத்த ஃபெரியில் ஏறிவிடலாம். இருக்கை எண் கிடையாது, குறித்த நேர டிக்கெட்டும் இல்லை. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் வரிசை ஜெட்டி வாசல்வரை நீளும், அவ்வளவுதான். கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே விஷயம்: தீவிலிருந்து கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு, காரை நிறுத்த ஒரு நாளைக்கு எவ்வளவு. மரினா ஐலண்ட் என்ற இன்னொரு துறையிலிருந்தும் ஃபெரி உண்டு. பயணம் ஏறக்குறைய பத்து நிமிடம்தான். ஒரு துறையில் காரை விட்டுவிட்டு இன்னொரு துறைக்குத் திரும்பினால் டாக்சிக்குத் தண்டம் அழ வேண்டும். இதைக் காகிதம் சொல்லவில்லை.

லூமுட் ஃபெரி கடற்படைத் தளத்தைக் கடந்து, முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், பிறகு பங்கோர் பட்டணத்தில். எங்கள் முன் வரிசையில் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், அர்ச்சனைத் தட்டும் மாலையுமாக முதல் ஜெட்டியிலேயே இறங்கியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜெட்டிக்கு வெளியே வரிசையாக இளஞ்சிவப்பு வேன்கள். பங்கோரின் டாக்சி இதுதான். எந்தக் கடற்கரைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கிறது, பேரம் இல்லை. ஒரு வேனை மணிக்கணக்கில் பேசினால் தீவைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். காகிதத்தின் இரண்டாம் நாள் காலை ‘பாரம்பரிய உலா’வில் இருந்த மூன்று இடங்களும் இந்த வேன் போகிற வழியில்தான் இருக்கின்றன. தெலுக் கெடோங்கில் டச்சுக் கோட்டை. 1670-இல் ஈயம் சேர்த்துவைக்கக் கட்டியது, 1690-இல் உள்ளூர்க்காரர்கள் அடித்து விரட்டினார்கள், 1743-இல் திரும்பி வந்து ஐந்தே ஆண்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கூரை இல்லாத நான்கு செங்கல் சுவர். சில நிமிட நடையில், புலி ஒரு குழந்தையைக் கவ்வுவது போலச் செதுக்கிய பாறை. பிறகு ஃபூ லின் கோங் சீனக் கோயில். பின்னால் மலைச்சரிவில் சீனப் பெருஞ்சுவரின் குட்டி மாதிரி ஏறிப் போகிறது. மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. காகிதத்தில் ‘அனைத்து நுழைவுக் கட்டணமும் உட்பட’ என்று தடித்த எழுத்தில் இருந்தது.

இருவரில் ஒருவருக்காவது மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் இருந்தால் வேனும் வேண்டாம். வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாங்களே சுற்றலாம். தீவின் வடகிழக்கில் சாலை செங்குத்தாக ஏறி இறங்கும், மழை பெய்திருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இனி கடல். பேக்கேஜில் பெரிய தொகை இதற்குத்தான்: ‘தீவுச் சுற்றுப் படகு, ஸ்நோர்க்கலிங், இரண்டாம் நாள் மாலை 3 மணி.’ தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போனோம். எதிரே கியாம், மெந்தாகோர் என்று இரண்டு குட்டித் தீவுகள், கை நீட்டினால் தொடலாம் போல. மணலில் நிழற்குடைக்குக் கீழே மேசைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விலைப்பலகை. கியாமில் இறக்கிவிட்டு அழைத்து வர ஒரு விலை, நாலைந்து இடம் சுற்ற ஒரு விலை, பனானா போட்டுக்கு ஒரு விலை.

இந்தப் பலகைகளை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது விலை ஒரு தலைக்கா, ஒரு படகுக்கா என்பதை. படகுக்கு என்றால் எட்டுப் பேர் குடும்பத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். இருவராகப் போனால் எட்டுப் பேர் காசையும் இருவரே கட்ட வேண்டும். தலைக்கு என்றால் படகு நிறையும்வரை மணலில் காத்திருக்க வேண்டும், பிறகு யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் மடியில் உட்கார்ந்துகொண்டு வரும். புதுஜோடிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் பேக்கேஜில் கட்டிவிடுகிறார்கள். குடும்பச் சுற்றுலாவில் ஒரு ரோஜாப்பூவைச் செருகினால் தேனிலவு ஸ்பெஷல்.

ஒரு மேசைக்குப் போனேன். ஐம்பதை எட்டியிருக்கும் மலாய்க்காரர், வெயிலில் காய்ந்த முகம், வலைப்பின்னல் தொப்பி. இருவருக்கு ஒரு படகு வேண்டும், கியாம் போய்விட்டு அப்படியே சுற்றிவர, மூன்று மணிக்கு, என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். “இன்னைக்கு வேண்டாம் அங்கல். ராத்திரி நல்ல மழை. தண்ணி கலங்கிக் கிடக்கு, முகமூடி போட்டாலும் உங்க காலே உங்களுக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல காத்தும் வரும். நாளைக்குக் காலையில எட்டரைக்கு வாங்க, பார்ப்போம்.”

“நாளைக்குத் தெளிந்துவிடுமா, பாங்?”

“காலையில வாங்க, சொல்றேன்.”

வந்த காசை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரிடமே பதிவு செய்வது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை எட்டரைக்குப் போனபோது, “இப்ப போகலாம்” என்றார். அதற்கு முன்பணமும் கேட்கவில்லை. போகும்போது பாதி, கரைக்குத் திரும்பியதும் மீதி என்று நான் சொன்னதற்கு உடனே தலையாட்டினார். கியாமில் இறக்கிவிட்டுப் போகும் படகுக்கு இந்த ஏற்பாடு முக்கியம். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட படகுக்கு உங்களை ஞாபகம் இருக்கும், ஆனால் வேறு ஆட்களை ஏற்றிவிட்டு வர நேரமாகலாம்.

லைஃப் ஜாக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். கொக்கி மூன்றையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். காதுவரை ஏறினால் அது பெரியது, மாற்றிக் கேட்க வேண்டும். என் மனைவியுடையதில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வேறொன்று கொடுத்தார். முகமூடியைப் பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் வரும். இதையெல்லாம் கரையில் செய்தால் ஐந்து நிமிடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு அலுவலக மேசையில் பணம் கட்டியவருக்கு எந்தப் படகு, எந்த ஜாக்கெட், எந்த ஆள் என்று எதுவும் தெரியாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பங்கோர் தண்ணீர் ரெடாங், பெர்ஹெந்தியான் மாதிரி கண்ணாடி இல்லை. மலாக்கா நீரிணை கலங்கலான கடல். அந்தக் காலையில் கையெட்டும் ஆழத்தில் கோடுபோட்ட மீன்கள் கூட்டமாகத் திரிந்தன, கொஞ்சம் பவளம் தெரிந்தது, இரண்டு கடல் அட்டை. பவளக்காடுதான் வேண்டும் என்றால் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தத் தீவுகள் ஏறக்குறைய மூடிக் கிடக்கும். பங்கோர் தீபகற்பத்தின் மறைவில் இருப்பதால் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். தை மாதக் கல்யாணங்களுக்கு இது பெரிய வசதி.

திரும்பும் வழியில் தெலுக் நிப்பா கரையை ஒட்டி, ஒரு சீன ஜோடி இருவர் உட்காரும் கயாக்கில் கியாமை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனது. அவள் ஒரு பக்கம் இழுக்க, அவன் இன்னொரு பக்கம் இழுக்க, கயாக் நின்ற இடத்திலேயே சுற்றியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயாக் மணிக்கணக்கு வாடகை, படகுச் செலவில் ஒரு பங்குதான். காற்றில்லாத காலையில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் கியாம் பக்கம்தான். அக்கா மகளுக்கு நான் சொல்லப்போவது இதைத்தான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

படகுக்காரர்கள் சிலர் ‘பங்கோர் லாவுட்’டையும் பலகையில் எழுதியிருந்தார்கள். தென்மேற்கே உள்ள அந்தச் சிறு தீவு முழுவதும் ஒரே உல்லாச விடுதி, தங்குகிறவர்கள்தான் இறங்கலாம். படகிலிருந்து தூரத்தில் பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பானியர் காலத்தில் பேராக் காட்டில் ஒளிந்திருந்த ஆங்கில அதிகாரி ஸ்பென்சர் சாப்மேன் 1945 மே மாதம் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பியது அங்கிருக்கும் எமரால்டு பேயிலிருந்து. கையில் தாராளமாகப் பணம் இருக்கிற ஜோடி அங்கே தங்கினால் தங்கட்டும்.

பத்தாவது வரி ‘இருவாட்சி பறவை காணுதல்.’ இதற்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. சாயங்காலம் ஆறரை மணிவாக்கில் தெலுக் நிப்பாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். கறுப்பு வெள்ளை உடம்பும் மஞ்சள் அலகுமாக, சிறகு சத்தம் கேட்க ஒவ்வொன்றாக வந்து மின்கம்பியிலும் கூரையிலும் உட்கார்ந்தன. ஒருவர் பப்பாளித் துண்டை வீச, காற்றிலேயே பிடித்தன. காட்டுப் பறவைக்குத் தீனி போட்டுப் பழக்குவது நல்லதா என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனாலும் அந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கை புதுஜோடிக்குச் சொல்லத் தக்கது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும். வாரக்கணக்கில் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். “கேட்டீங்களா?” என்றாள் மனைவி. கேட்கவில்லை என்றேன்.

காகிதத்தில் இல்லாத இடம் ஒன்று. ஃபெரியில் வந்த தைப்பிங் குடும்பம் போன இடம், சுங்கை பினாங் கெச்சில் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் ஆலயம். மாசி மகத்துக்குப் பேராக் முழுவதிலிருந்தும் தமிழர்கள் ஃபெரி ஃபெரியாக வந்து குவியும் கோயில் இது. மற்ற நாளில் அமைதி. நாங்கள் போனபோது அர்ச்சனை முடிந்து, பாட்டி ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வருவார்களா என்று கேட்டேன். “வராம? பொண்ணு மாப்பிள்ளையோட வேன் பிடிச்சு வீடே வரும். அவங்க ரெண்டு பேரும் ஓட்டலுக்குப் போவாங்க, மிச்சப் பேரு சாயங்கால ஃபெரியில திரும்பிடுவாங்க. சில பேரு திரும்ப மாட்டாங்க” என்று சிரித்தார். சீனக் கோயிலைப் போட்ட முகவர் இதைப் போடாமல் விட்டதற்கு என்ன காரணமோ. எப்படியும் நம் வீட்டு மாமியார்மார் இதைப் போட்டுவிடுவார்கள்.

அன்று இரவு அக்கா மகளிடம் பேசினேன். முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அறை. தெலுக் நிப்பாவில் நடந்து போகிற தூரத்தில், விடுதியிடமே நேரடியாக, ஞாயிறு தொடங்கி வியாழனுக்குள். பள்ளி விடுமுறையும் மாசி மகமும் இல்லாத வாரம். விடுதிக்காரர் தேதி மாற்றித் தருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் மணலில் நின்று, கடலைப் பார்த்து. இரண்டு மாதத்துக்கு முன்னால் உறுதி செய்யக்கூடிய பொருள் இல்லை கடல்.

“அப்ப முகவர்கிட்ட போகவே கூடாதா மாமா?” என்றாள். அப்படிச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, மொழி தெரியாதவர்களுக்கு, முகவர் உதவிதான். ஆனால் நாட்டின் சட்டப்படி சுற்றுலா நடத்துகிறவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த எண் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, ரோஜாப்பூப் படம்தான் இருக்கிறது என்றாள். பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டி நுகர்வோர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் ரசீது வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அவளுடைய கோயம்புத்தூர் தோழியும் கணவரோடு வருவதாக இருந்தது. அவர்களுக்குச் சுற்றுலா வரி தனி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. நம் குடிமக்களுக்குக் கிடையாது. பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பதினோராவது இடம் மிச்சம் இருந்தது: ‘நினைவுப் பொருள் அங்காடி, 45 நிமிடம்.’ போய்ப் பார்த்தோம். பங்கோர் பட்டணத்துக் கருவாட்டுக் கடைகள்! நெத்திலி, காய்ந்த கணவாய், இறால், மீன் நொறுக்குத்தீனி என்று மூட்டை மூட்டையாக. 2020 ஜனவரி முதல் பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் பக்கத்திலேயே சாக்லெட் கடைகளும் உண்டு, ஆனால் கூட்டம் என்னவோ நெத்திலிக்குத்தான். தலை கிள்ளி இரண்டாகப் பிளந்த வெள்ளை நெத்திலி ஈப்போ சந்தையைவிடப் புதிது; நாங்களும் ஒரு கிலோ வாங்கினோம். நாற்பத்தைந்து நிமிடமெல்லாம் வேண்டாம், பத்து நிமிடம் தாராளம். கடைக்காரரிடம் மூன்று பை போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லிவிடுங்கள். ஜன்னலைச் சாத்திய காரில் லூமுட்டிலிருந்து கோலா கங்சார்வரை அதோடு வர வேண்டும்.